ஊறவைத்த கச்சான் விதை: கோப்பாய்ப் பக்கத்துத் தறையொன்றில் கழுத்தழுகல்

பின்னணி

யாழ்ப்பாணத்துக் கோப்பாய்ப் பக்கத்தில் 8 பரப்பு, அதாவது அரை ஏக்கர், செம்மண் தறை, கிணற்று இறைப்பு. காணிக்காரர் அறுபதை நெருங்குபவர். இருபது வருடத்துக்கு மேலாகச் சின்ன வெங்காயம்தான் அவருடைய பயிர். மார்கழியில் நட்ட வெங்காயத்தைப் பங்குனியில் கிண்டி எடுத்துவிட்டு, அடுத்த வெங்காயத்துக்கு முன் மண்ணுக்கு ஓய்வு கொடுக்கவும் கூலியைக் குறைக்கவும் இந்தமுறை கச்சான் (நிலக்கடலை) போட எண்ணினார். கச்சான் அவருக்குப் புதுப் பயிர். வெங்காயத்தில் பழகிய கையோடுதான் இறங்கினார். பின்னால் நடந்த அத்தனைக்கும் அடி அதுதான்.

விதைக்காக முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து 40 கிலோ கோதுக் கச்சான் வந்தது. கோது இறுகி, ஆட்டினால் கலகலத்தது. முற்றலும் காய்ச்சலும் குறை சொல்ல முடியாதவை. 45 சென்ரிமீற்றர் வரி, வரிக்குள் 15 சென்ரிமீற்றர், குழிக்கு ஒரு பருப்பு என்ற கணக்கில் ஒரு பரப்புக்கு 3,700 குழி அளவில் வரும். அதற்குப் பருப்பாக 2½ கிலோ வைத்தால் 8 பரப்புக்கு 20 கிலோ. கோதில் பத்துக்கு ஏழு பங்கு பருப்பு தேறும் என்பதால் வாங்கிய அளவு தாராளம்.

முதல் விதைப்பு

சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த கிழமை 34 கிலோவை வாடகை இயந்திரத்தில் கொடுத்து உடைத்தார்கள். ஏறத்தாழ 23 கிலோ பருப்பு கிடைத்தது. வறுப்பதற்கென்று வீட்டுக்காரி அதில் ஒரு கிலோவை ஒதுக்கி வைத்தார். 6 கிலோ உடைக்காமல் கோதோடு மிஞ்சியது. இந்த இரண்டு மிச்சமும் பிறகு காரணம் தேடப் பெரிதும் உதவின.

விதைக்குப் போட்டது வெங்காய நடுகைக்கு வாங்கி மிஞ்சிய பங்கசுநாசினி (பூஞ்சணக் கொல்லி). தயோபனேற் மீதைல் 50 சதவீதமும் தைரம் 30 சதவீதமும் சேர்ந்த நனையும் தூள் அது. விதை வெங்காயத்தைக் கடகத்தோடு மருந்துத் தண்ணீரில் அமிழ்த்தி, 20 நிமிடம் வைத்து, தூக்கி வடியவிட்டு நடுவது இந்தப் பகுதியில் எல்லாருக்கும் தெரிந்த முறை. கச்சானுக்கும் அதையே செய்தார். கரண்டிக் கணக்கில் தூளைக் கரைத்து, பருப்பைக் கொட்டி, 20 நிமிடம் ஊறவிட்டு, தறப்பாளில் வடிய வைத்தார். அன்று பின்னேரம் விதைக்க வரவேண்டிய பெண்கள் வரவில்லை. ஈரப் பருப்பை இரண்டு உரப்பைகளில் போட்டு வாயைக் கட்டி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் விதைத்தார்கள். பைக்குள் கைவிட்டபோது இளஞ்சூடாக இருந்ததாகவும், புளித்த மணம் இலேசாக வந்ததாகவும் விதைத்த பெண்களில் ஒருவர் பிறகு சொன்னார். விதைத்த கையோடு பாத்தி நிறையத் தண்ணீரும் விடப்பட்டது.

3 கிலோ அளவு மருந்திட்ட பருப்பு மிஞ்சியது. அதை வெயிலில் உலர்த்திக் குசினியில் ஒரு பேணியில் வைத்தார்கள்.

தறையில் கண்டது

பத்தாம் நாள் விவசாயப் போதனாசிரியர் தறைக்குப் போனார். காணிக்காரருக்கு அப்போது மருந்தின் மேல்தான் சந்தேகம்.

"பிள்ளை, கடைக்காரன் தந்த மருந்து பிழை போல கிடக்கு."

"இதே பைக்கற்றைத் தானே ஐயா வெங்காயத்துக்கும் போட்டனீங்கள்? அது நல்லாத்தானே வந்தது?"

"அது ஒரு குறையும் இல்லை."

"அப்ப மருந்தை விடுங்கோ. முளைக்காத குழியைக் கிண்டிப் பாப்பம்."

ஐந்து இடங்களில் இடத்துக்கு 100 குழியாக 500 குழிகள் எண்ணப்பட்டன. முளைத்து வெளியே வந்தவை 262. முளைக்காத குழிகளில் 40ஐக் கரண்டியால் கிண்டினார்கள். 22இல் பருப்பு அழுகி, மேலே கரிபோல் கறுத்த தூள் படிந்திருந்தது. 11இல் தூள் இல்லை. தோல் கழன்று, இரண்டு பாதியும் பிரிந்து, வழுவழுத்துக் கிடந்தன. 4 குழி வெறுமை, எறும்போ அணிலோ கொண்டுபோயிருக்கலாம். மிச்சம் 3இலும் முளை அப்போதுதான் புறப்பட்டிருந்தது.

முளைத்தவையும் நிலைக்கவில்லை. இலை வாடித் தொங்கிய கன்றொன்றைப் பிடித்து மெல்ல இழுத்தால் வேர் மண்ணிலேயே நிற்க, மேல்பாதி மட்டும் கையோடு வந்தது. அறுந்த இடம், அதாவது மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே விதையிலைகள் ஒட்டும் கழுத்து, பழுப்பாகி நார்நாராய்ப் பிய்ந்திருந்தது. விரலால் தடவினால் விரல் கறுத்தது. கைவில்லையில் பார்த்தபோது குண்டூசித் தலை போன்ற கறுத்த உருண்டைகள் மெல்லிய காம்புகளில் நெருக்கமாக நின்றன. இது அஸ்பர்ஜிலஸ் நைகர் என்ற பங்கசின் அடையாளம். இருபத்தோராம் நாள் அதே 262 கன்றுகளில் 71 செத்திருந்தன. 500 குழிக்கு எஞ்சியது 191 கன்று.

வேறு காரணங்களும் பார்க்கப்பட்டன. கழுத்தில் வெள்ளை நூலோ கடுகு போன்ற உருண்டையோ இருந்தால் அது ஸ்கிலரோஷியம் என்ற இன்னொரு பங்கசு. அப்படி எதுவும் இல்லை. வேரைப் புழு கடித்த தடமும் இல்லை. பள்ளப் பக்கத்துப் பாத்திகளில் சேதம் கூடுதலாக இருந்தாலும் மேடும் தப்பவில்லை. எனவே தண்ணீர் கூடியதைத் தனிக்காரணமாகச் சொல்ல முடியவில்லை.

கறுத்த தூளும் வெங்காயமும்

வெங்காயத்தைச் சேமித்து வைக்கும்போது வெளித்தோலுக்குக் கீழே கரித்தூள் படிவதை யாழ்ப்பாணத்தில் காணாத வீடில்லை. அதுவும் இதே அஸ்பர்ஜிலஸ் நைகர்தான். இந்தத் தறையில் வெங்காயம் கிண்டியபின் கழிவுக் காயும் சருகும் அகற்றப்படாமல் அப்படியே கொத்திப் புரட்டப்பட்டிருந்தன. பங்கசு மண்ணில் ஏற்கெனவே தாராளமாக இருந்தது. அதற்குச் சூடான மண் பிடிக்கும். சித்திரை வெயிலில் செம்மண் எப்படிக் கொதிக்கும் என்பது வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தெரியும். வெங்காயத்துக்குப் பின் கச்சான் போடுகிறவர்கள் அறிய வேண்டிய செய்தி இது. ஆனால் பலரும் இந்தக் கறுப்பைச் சேமிப்பறைச் சிக்கலாக மட்டுமே எண்ணுகிறார்கள்.

காரணம் தேடிய விதம்

மருந்து சரியாக இருந்தும் விதை ஏன் போனது என்பதைப் பார்க்க, அந்தத் தறை மண்ணையே தட்டுகளில் நிரப்பி ஆறு வகையாக விதைத்தார்கள். வகைக்கு 50 பருப்பு. கையால் உடைத்தவை மிஞ்சியிருந்த 6 கிலோ கோதிலிருந்து எடுக்கப்பட்டன. இயந்திரத்தில் உடைத்தவை வீட்டுக்காரி வறுக்க ஒதுக்கிய மருந்திடாத ஒரு கிலோவிலிருந்து எடுக்கப்பட்டன. பன்னிரண்டாம் நாள் எண்ணியபோது நிமிர்ந்து நின்ற கன்றுகள்:

கையால் உடைத்தது, உலர் தூள் பூசியது: 46
கையால் உடைத்தது, 20 நிமிடம் ஊறவைத்து உடன் விதைத்தது: 38
கையால் உடைத்தது, மருந்து இல்லை: 36
இயந்திரத்தில் உடைத்தது, உலர் தூள் பூசியது: 37
இயந்திரத்தில் உடைத்தது, மருந்து இல்லை: 27
கையால் உடைத்தது, ஊறவைத்து ஒரு இரவு பையில் கட்டியது: 24

ஒரே தடவை, சிறு அளவில் செய்த சோதனை. 36க்கும் 38க்கும் இடையிலான வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்கக் கூடாது. ஆனால் 46க்கும் 24க்கும் இடையில் இருப்பது வெறும் தற்செயலல்ல. ஒரே பைக்கற் மருந்து, ஒரே கோதுக் கச்சான், ஒரே மண். மாறியது பூசிய விதமும் வைத்திருந்த விதமும்தான்.

கச்சான் பருப்பின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருப்பதும், மண்ணிலுள்ள பங்கசை வெளியே நிறுத்துவதும் மேலேயுள்ள மெல்லிய சிவப்புத் தோல்தான். காய்ந்த பருப்பைத் தண்ணீரில் போட்டால் பருப்புக்கு முன் தோல் விரிந்து சுருக்கு விழும். 20 நிமிடம் ஊறியதை எடுத்து இரு விரலால் இலேசாக நசுக்கினால், நனைந்த கடுதாசி போலத் தோல் வழுக்கிக் கழன்றுவிடும். தண்ணீரை வேகமாகக் குடித்த பருப்பிலிருந்து சீனிச்சத்தும் கசிந்து வெளியே வரும். பங்கசுக்கு அது விருந்து. இந்த நிலையில் காற்றில்லாமல் உரப்பையில் கட்டிவைத்தால் பருப்பு மூச்சுவிட்டுச் சூடேறி, முளை உள்ளேயே செத்துப்போகும். மருந்தின் பெரும்பகுதியும் விதையில் ஒட்டாமல் வாளித் தண்ணீரோடு போய்விட்டது.

வெங்காயத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் காய்ந்த மேல்தோலும் அடுக்குகளும் அந்த நேரத்துக்குள் தண்ணீரை உள்ளே விடாது. மருந்து போய்ச் சேர வேண்டிய வேரடியும் கழுத்து இடுக்கும் அமிழ்த்தினால்தான் நனையும். ஊறவைப்பது வெங்காயத்துக்குச் சரியான முறை. கச்சானுக்கு அது கேடு.

எடுத்த முடிவு

வழிகள் மூன்று இருந்தன. அப்படியே விடலாம். வெறுங்குழிகளில் மறுவிதை போடலாம். முழுவதையும் கொத்திவிட்டுத் திரும்ப விதைக்கலாம். கச்சானில் வெறுங்குழி நிரப்புவது முதல் பத்து நாளுக்குள் முடிய வேண்டிய வேலை. மூன்று கிழமை பிந்திய கன்று, முந்திய கன்றின் நிழலில் மெலியும். பிடுங்கும் நாளில் அதில் பிஞ்சுதான் இருக்கும். முழுவதையும் கொத்த காணிக்காரருக்கு மனம் வரவில்லை. அது சரியும்கூட, ஏனென்றால் மேட்டுப் பக்கத்து 3 பரப்பில் பாதிக்குப் பாதி கன்று நின்றது. அந்த 3 பரப்பை வைத்துக்கொண்டு, மிச்சம் 5 பரப்பைத் திரும்ப விதைப்பதென்று இருபத்துமூன்றாம் நாள் முடிவானது.

தள்ளிப்போட இடமில்லை. 100 நாள் அளவில் பிடுங்கும் பயிர். வைகாசி நடுப்பகுதியைத் தாண்டினால் கடைசி இறைப்புகள் ஆவணியில் விழும். அந்த நேரம் கிணறு வற்றி, தண்ணீரும் உவர்க்கத் தொடங்கிவிடும்.

இரண்டாம் விதைப்பு

இன்னும் 14 கிலோ கோது வாங்கி, இருந்த 6 கிலோவோடு 20 கிலோ ஆக்கினார்கள். வீட்டாரும் அயல் பெண்களும் இரண்டு நாள் இருந்து கையாலேயே உடைத்தார்கள். அலுப்பான வேலைதான், ஆனாலும் இயந்திரத்தில் தோல் கீறுப்படுவதால் இதைச் சுருக்க வழியில்லை. சுளகில் பரப்பி, தோல் கழன்றது, கீறியது, சுருங்கியது, நிறம் மாறியது எல்லாம் பொறுக்கி ஒதுக்கியபின் 13 கிலோ தேறியது. கிலோவுக்கு 3 கிராம் வீதம் 39 கிராம் தூளை நகை நிறுக்கும் சிறு தராசில் நிறுத்தெடுத்தார்கள். முன்பு பாவித்த கரண்டியால் மூன்று தடவை அள்ளி நிறுத்தபோது மூன்று தடவையும் மூன்று நிறை காட்டியது. பைக்கற்றின் முடிவுத் திகதியும், தூள் கட்டிபடாமல் இருக்கிறதா என்பதும் முதலில் பார்க்கப்பட்டன. வேறு மருந்து எடுப்பவர்கள் அதன் சுட்டுத்துண்டில் உள்ள அளவைத்தான் பின்பற்ற வேண்டும்.

மூடியுள்ள 10 லீற்றர் பிளாஸ்ரிக் வாளியில் ஒரு தடவைக்கு 2 கிலோ பருப்பு, அதாவது மூன்றிலொரு பங்குக்கு மேல் நிரம்பாமல் போட்டார்கள். தூள் ஒட்டுவதற்காகக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளித்தார்கள், அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை. தூளில் பாதியைத் தூவி, மூடி, பனையோலைப் பாயில் வாளியைச் சரித்து இரண்டு நிமிடம் மெல்ல உருட்டினார்கள். பிறகு மற்றப் பாதியைப் போட்டு அதேபோல் உருட்டினார்கள். குலுக்கக் கூடாது, குலுக்கினால் பருப்போடு பருப்பு மோதித் தோல் போய்விடும். எல்லாப் பருப்பிலும் ஒரே சீராக மெல்லிய பூச்சுத் தெரிந்ததும் நிழலில் அரை மணி நேரம் பரப்பி, அன்றைக்கே விதைத்தார்கள்.

வேலை நடந்தது முற்றத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டி, கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு. தைரம் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: அதைக் கையாண்டவர் அன்றும் அதற்குப் பிந்திய பல நாட்களும் கள்ளோ சாராயமோ தொடக் கூடாது. தைரம் உடலில் மதுவோடு சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, சத்தியெடுத்து ஆளை விழுத்திவிடும். தோட்ட வேலை முடிந்து பின்னேரம் தவறணைக்குப் போகிற வழக்கமுள்ள ஊரில் இதைச் சொல்லாமல் மருந்து கொடுப்பது பெரும் தவறு.

மண்ணிலும் மாற்றம் இருந்தது. வெங்காயச் சருகையும் செத்த கன்றுகளையும் பொறுக்கி வெளியேற்றினார்கள். பழைய வரிகளுக்கு நடுவே புது வரி பிடித்தார்கள். விதைத்தபின் தண்ணீர் விடுவதை விட்டு, இரண்டு நாள் முன்னரே இறைத்து, மண் பதமாக வந்தபின் 4 சென்ரிமீற்றர் ஆழத்தில் விதைத்தார்கள். ஆழம் கூடினால் முளை வெளியே வர நீண்ட தூரம் போக வேண்டும்; அவ்வளவு நேரமும் கழுத்து பங்கசுக்கு இரையாகக் கிடக்கும். ஒப்பிட்டுப் பார்க்க மூன்று வரி மட்டும் கையால் உடைத்த மருந்திடாத பருப்பில் விதைக்கப்பட்டது.

விளைவு

பத்தாம் நாள் மருந்திட்ட 500 குழியில் 441 முளைத்திருந்தன. மருந்திடாத 150 குழியில் 104. முப்பதாம் நாள் வரை மருந்திட்டதில் 19 கன்று செத்து 422 நின்றது. மருந்திடாததில் 23 செத்து 81 நின்றது. மருந்தின் பயனும், மருந்தில்லாமலே நல்ல தோலும் நல்ல பதமும் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதும் இந்த எண்களில் சேர்ந்தே தெரிகின்றன. முதல் விதைப்பில் ஊறவைத்து மருந்திட்டதைவிட, இம்முறை மருந்தே காணாத மூன்று வரி நன்றாக நின்றது.

விதைக்குப் பூசிய மருந்தின் காவல் முதல் சில கிழமைக்குத்தான். ஐம்பது நாளுக்குப் பின் பள்ளப் பாத்திகளில் ஆங்காங்கே செடி வாடியது. அடியில் வெள்ளை நூலும் கடுகு உருண்டையும் தெரிந்தன. அது ஸ்கிலரோஷியம். அந்தச் செடிகளை அடிமண்ணோடு அள்ளி அகற்றி, அந்தப் பாத்திகளுக்கு இறைப்பைக் குறைத்தார்கள்.

5 பரப்பில் காய்ந்த கோதாக 214 கிலோ வந்தது. முதல் விதைப்பில் விட்டுவைத்த 3 பரப்பில் 78 கிலோ. இடைவெளி கூடியதால் அங்கு செடிகள் படர்ந்து ஓரளவு ஈடுகட்டின. இல்லாவிட்டால் இன்னும் குறைந்திருக்கும்.

பேணியிலிருந்த 3 கிலோ

குசினியில் வைத்த மருந்திட்ட பருப்பு ஒரு நாள் வறுபடச் சட்டிக்குப் போகவிருந்தது. பொங்கலுக்கு வாங்கிய கச்சானென்று நினைத்துப் பேத்தி பேணியைத் திறந்தாள். தோலில் வெளிறிய தூள் இருந்ததை வீட்டுக்காரி கண்டு தடுத்தார். மருந்திட்ட விதையைக் கழுவினாலும் வெயிலில் போட்டாலும் வறுத்தாலும் உண்ணத்தக்கதாகாது. எண்ணெய்க்கும் கொடுக்கக் கூடாது; கோழிக்கும் மாட்டுக்கும் போடக் கூடாது. கச்சான் மற்ற விதைகளைப் போலல்ல, வீட்டில் எந்தப் பேணியில் கண்டாலும் கை போகிற பண்டம். அதனால்தான் மருந்திட்டது குசினிக்குள் வரவே கூடாது.

அந்த 3 கிலோவும் கிணற்றிலிருந்து தள்ளி, காணியின் மறுகோடியில் ஆழக் குழி வெட்டிப் புதைக்கப்பட்டது. முதல் தடவை ஊறவைத்த வாளித் தண்ணீர் கிணற்றடி வாய்க்காலில் ஊற்றப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. இங்கே கீழே கிடப்பது வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போய்ச் சேர நெடுநாள் எடுக்காது. அந்தக் கிணற்றிலேதான் வீட்டுக்குக் குடிதண்ணீரும் அள்ளுகிறார்கள். உலர்பூச்சில் ஊற்றிவிட மருந்துத் தண்ணீரே மிஞ்சாது. விளைச்சலைத் தனியே விட்டாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே அதைத் தெரிவுசெய்யலாம்.

அடுத்த போகத்துக்கு மாற்றியவை

வெங்காயம் கிண்டிய தறையில் உடனே கச்சான் போடாமல், இடையில் குரக்கனோ சோளமோ போட முடிவாகியுள்ளது. விதை வாங்கியதும் 100 பருப்பைக் கையால் உடைத்து ஈரமணலில் இட்டு முளைதிறன் பார்ப்பார்கள். 80க்குக் குறைந்தால் அந்த விதை வேண்டாம். நோய்ப் பங்கசை அடக்கும் ட்ரைக்கோடேர்மாவின் பூச்சு இந்தத் தறையில் இன்னும் பார்க்கப்படவில்லை. அதைப் பார்ப்பதானால் தனி வரிகளில்தான் பார்க்க வேண்டும், ஏனெனில் அதுவும் ஒரு பங்கசு. தைரம் பூசிய விதையில் சேர்த்துப் போட்டால் அதையும் மருந்து கொன்றுவிடும்.

விதைக்கென்று இந்த விளைச்சலிலிருந்து 30 கிலோ கோது எடுத்து வைக்கப்பட்டுள்ளது. ஸ்கிலரோஷியம் கண்ட பாத்திகளிலிருந்து ஒரு கோதுகூட அதில் சேர்க்கப்படவில்லை. ஆட்டினால் கலகலக்கும்வரை காயவிட்டு, காற்றோட்டமான சணல் சாக்கில் கட்டி, நிலத்தில் படாமல் பலகைமேல் ஏற்றியிருக்கிறது. விதைக்கும் கிழமைக்கு முன் அதை யாரும் உடைக்கமாட்டார்கள்.